போப்பாண்டவர் ஆசைப்பட்ட லண்டன் ஜரிகை

துணி முழுக்கத் தங்க ஜரிகை மின்னும். அதைப் பிடித்துவைத்திருக்கும் நூலோ முன்பக்கத்தில் எங்குமே கண்ணில் படாது. 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான குருமார் அங்கிகளின் சிறப்பே அதுதான். ஐரோப்பியத் தேவாலயங்கள் இந்தப் பூவேலையை 'ஓபஸ் ஆங்கிலிக்கானம்', அதாவது இங்கிலாந்து வேலை என்றே கணக்கில் எழுதிவைத்தன.

நுட்பம் முழுவதும் துணியின் பின்பக்கத்தில் இருக்கிறது. பொன்முலாம் பூசிய வெள்ளி இழையைப் பட்டு நூலில் சுற்றி ஜரிகை செய்தார்கள். அதை லினன் துணியின் மேல் கிடத்துவார்கள். அடியிலிருந்து ஊசியில் ஏறிவரும் லினன் நூல், ஜரிகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வந்த துளை வழியாகவே இறங்கும். நூலைச் சுண்டி இழுத்ததும் ஜரிகையும் இம்மியளவு வளைந்து துணிக்கு அடியில் போய்விடும். அந்த வளைவு ஒவ்வொன்றும் கதவின் கீல் மாதிரி. எனவே பொன் வேய்ந்த அங்கி விறைத்து நிற்காமல், போட்டவரின் தோளோடு குழைந்து மடிந்தது. பிடிநூல் அடியில் ஒளிந்திருப்பதால் உராய்ந்து அறுபடவும் வழியில்லை.

அங்கியில் தைத்த உருவங்களின் முகங்களுக்கு வேறு தையல். ஒவ்வொரு தையலும் முந்தைய பட்டிழையை நடுவில் பிளந்துகொண்டு மேலே வரும். கன்னத்தில் அதையே சுருள் சுருளாகச் சுற்றினார்கள். பட்டின் பளபளப்பு திசைக்குத் திசை மாறுவதால், தட்டையான துணியில் கன்னம் உப்பித் தெரிகிறது. தூரிகைக்காரர்களே பொறாமைப்படும் வேலை இது.

போப்பாண்டவரும் மயங்கினார். ஆங்கிலேயக் குருமார் அணிந்திருந்த பூவேலை உடைகளைப் பார்த்த நான்காம் இன்னொசென்ட், அவை எங்கே செய்தவை என்று விசாரித்து, அதுபோல் தமக்கும் அனுப்பச் சொல்லி இங்கிலாந்தின் சிஸ்டெர்சியன் மடாதிபதிகளுக்குக் கடிதம் எழுதினார். 1246-இல் நடந்த இதைக் குறித்துவைத்தவர் மேத்யூ பாரிஸ் என்ற துறவி. சொன்ன விலைக்குச் சரக்கை விற்ற லண்டன் வணிகர்களுக்குக் கொண்டாட்டம் என்றும் எழுதுகிறார். 1295-இல் எடுத்த வத்திக்கான் பொருள் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட இங்கிலாந்து வேலைப்பாடுகள் இருந்தன.

இந்த அங்கிகள் கன்னிமடத்தில் சகோதரிகள் ஓய்வுநேரத்தில் தைத்தவை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. கன்னியரும் தைத்தார்கள்தான். ஆனால் புகழின் உச்சத்தில் இது லண்டன் பட்டறைகளில் ஆண்களும் பெண்களும் கூலிக்குச் செய்த தொழில். வணிகர் முதல் போட்டார், கலைஞர் கை நோகத் தைத்தார். அந்தக் கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லாமல் போனது வருத்தத்துக்குரியது. தப்பிய பெயர்களில் ஒன்று, பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரின் மேபல். 1239 முதல் சில ஆண்டுகள் மூன்றாம் ஹென்றி மன்னருக்காகத் தைத்தவர். 1256-இல் அவருடைய ஊருக்குப் போன மன்னர் மறக்காமல் அவருக்குத் துணியும் மென்மயிர்த் தோலும் தரச் சொன்னார். 1317-இல் அரசி இசபெல்லா, போப்பாண்டவருக்குப் பரிசளிக்க ஓர் அங்கி வாங்கி 100 மார்க் கொடுத்தார். அதை விற்றவர் லண்டன் வணிகர் ஒருவரின் மனைவி ரோஸ்.

1348-இல் வந்த கொள்ளைநோய் லண்டனைச் சூறையாடியது. அதற்குப் பிறகு அவசர வேலை பெருகியது. உருவங்களைத் தனியே தைத்து வெல்வெட்டில் வைத்துத் தைக்கும் முறை பரவியது. 16-ஆம் நூற்றாண்டில் மடாலயங்கள் கலைக்கப்பட்டபோது, பொன்னுக்காகவே பல அங்கிகள் எரிக்கப்பட்டன; பல, துண்டு துண்டாக வெட்டப்பட்டன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் பட்லர்-போடன் அங்கியும் அப்படி வெட்டுப்பட்டு, பின்னாளில் மீண்டும் இணைக்கப்பட்டதுதான். அதே இடத்திலுள்ள சயான் அங்கி, நாடுவிட்டுப் போன கன்னியரோடு லிஸ்பன்வரை சென்று, 19-ஆம் நூற்றாண்டில் திரும்பியது.

வெளிநாட்டுக்குப் பரிசாகப் போனவைதான் அதிகம் பிழைத்தன. போப்பாண்டவர்களான நான்காம் நிக்கோலஸ் 1288-இல் இத்தாலியின் அஸ்கோலி பிச்சேனோவுக்கும், இரண்டாம் பயஸ் 1462-இல் பியென்சாவுக்கும் கொடுத்த அங்கிகள் அந்த ஊர்களிலேயே உள்ளன. 2016-இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இந்தக் கலைக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடத்தியபோது, ஸ்பெயினின் டொலீடோ தேவாலயத்திலிருந்து ஓர் அங்கியை இரவலாக வரவழைக்க வேண்டியிருந்தது.