பேரன் பெயர்த்த அரண்மனை!

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போகிறவர்களே, பத்துத்தூண் சந்தில் ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பார்த்ததுண்டா? போன வாரம் நான் பார்த்தேன். கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்!

கடைகளுக்கு நடுவே, தாங்குவதற்குக் கூரையே இல்லாமல் நிற்கின்றன பத்து பிரமாண்டத் தூண்கள்.

"இது என்னண்ணே?" என்றேன் கடைக்காரரிடம்.

"நாயக்கர் அரண்மனைல மிச்சம்ணே. அது இதுவரைக்கும் இருந்துச்சாம்ல! நைட்டி பாக்குறீங்களா?"

கூட வந்த மகள் விடவில்லை. "அரண்மனையையும் பார்க்கணும்ப்பா."

மகாலுக்கு நடந்தோம். 1636-ல் திருமலை நாயக்கர் கட்டியது. சொர்க்க விலாசம், ரங்க விலாசம், நாடகசாலை, தடாகம், பூந்தோட்டம் என்று ஊருக்குள் ஓர் ஊராக இருந்ததாம். இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். ரங்க விலாசத்துக்கு ஞாபகார்த்தம், சந்தில் நிற்கும் அந்தப் பத்துத் தூண்கள். தோட்டமும் தடாகமும் இப்போது யார் வீட்டு அடுப்படிக்குக் கீழே இருக்கின்றனவோ!

"எந்த எதிரிப்பா இடிச்சான்?"

அங்கேதான் வேடிக்கை. எதிரி இல்லை, பேரன்! தலைநகரைத் திருச்சிக்கு மாற்றிய சொக்கநாத நாயக்கர், அங்கே அரண்மனை கட்ட இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார்.

"சொந்தத் தாத்தா கட்டினதை... என்ன மனுஷன்!" என்று மகளிடம் பொரிந்து தள்ளினேன்.

மிச்சத்தைக் காப்பாற்றியவர் கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரர். 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு, இதைச் செப்பனிட வைத்தார். பிறகு 1970 வரை இங்கே கோர்ட்டு. ராஜா கொலுவிருந்த இடத்தில் வக்கீல்கள் வாய்தா வாங்கினார்கள்!

சொர்க்க விலாசத்துக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள். செங்கல், சுண்ணாம்பு, சுதை வேலைப்பாடு. அண்ணாந்தால் விதானம்.

"இங்க பாருங்கப்பா!" என்றாள் மகள். தூணில் ஆணியால் கீறிய பெயர்கள், அம்பு பாய்ந்த இதயங்கள். "இவங்களுக்கெல்லாம் அறிவே இல்லையாப்பா?"

நான் பதில் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு டூரில், ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸை வைத்துக்கொண்டு இதே மண்டபத்தில் இனிஷியலோடு என் பெயரைச் செதுக்கிய மகானுபாவன் நான்! தேடிப் பார்த்தேன். காணோம். பூசி மறைத்துவிட்டார்கள் போல. அப்பாடா என்றிருந்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. பஸ்ஸில் மெல்ல உண்மையைச் சொன்னேன்.

மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்புறம் சொக்கநாதரை மட்டும் ஏம்ப்பா அப்படித் திட்டுனீங்க?"