கைக்காசைச் செலவழித்துத் தண்டிப்பது ஏன்?

நான்கு பேர். யார் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்கு 20 விளையாட்டுக் காசு. பொதுவில் போடும் காசு 1.6 மடங்காகி, போட்டவர் போடாதவர் என்று பாராமல் நால்வருக்கும் சமமாகப் பிரியும்.

எல்லோரும் முழுதாகப் போட்டால் தலைக்கு 32. ஒருவர் மட்டும் கமுக்கமாக இருந்துவிட்டால்? பொதுவில் சேர்வது 60. அது 96 ஆகி ஆளுக்கு 24. போட்ட மூவருக்கும் அவ்வளவுதான். போடாதவர் கையிலோ 44! இதைப் பார்த்தபின் அடுத்த சுற்றில் போட யாருக்கு மனம் வரும்? சுற்றுக்குச் சுற்று பொதுப்பணம் வற்றிக்கொண்டே போகும்.

பொருளியலாளர்கள் எர்ன்ஸ்ட் ஃபேரும் சைமன் கெக்டரும் சூரிச் மாணவர்கள் 240 பேரை இப்படி விளையாட வைத்தார்கள். 2002இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு அது. அதில் ஒரு கூடுதல் விதி: தன் காசு 1 செலவழித்தால் இன்னொருவர் கணக்கில் 3 குறைக்கலாம். அதே ஆளை மறுபடி சந்திக்கப் போவதில்லை. தண்டிப்பவருக்கு நயா பைசா லாபமில்லை. லாபக் கணக்குப்படி ஒருவரும் தண்டித்திருக்கக் கூடாது. ஆனால் 100க்கு 84 பேர் ஒருமுறையாவது தண்டித்தார்கள்! பங்களிப்பும் ஏறியது. தூண்டியது, ஓசியில் அனுபவிப்பவர்மேல் வந்த கோபம்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

கோபம் எப்போதும் நியாயம் பார்ப்பதில்லை. கெக்டர் குழுவினர் பின்னர் 16 நகரங்களில் இதே போன்ற ஆட்டத்தை நடத்தினார்கள். ஏதென்ஸிலும் மஸ்கட்டிலும், நிறையப் போட்டவர்களுக்கும் அடி விழுந்தது.