மழையறியும் தகடு

மிளகாயையோ ஒடியலையோ முற்றத்திற் பரப்பிவிட்டு அடுக்களையில் அலுவலாயிருப்போருக்கு, முதற்றுளி விழுந்தவுடன் அதனை அறிவிப்பார் ஒருவர் வேண்டும். பாய் முழுவதும் நனைந்தபின் ஓடுவதிற் பயனில்லை. இக்காவற்பணியை ஒரு சிறு தகட்டிடமும் ஆர்டுயினோ என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகையிடமும் ஒப்படைக்கலாம். இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005 ஆம் ஆண்டில் மாணவரை முன்னிட்டு உருவான இப்பலகை, இன்று நம் மாணவர் கைகளிலும் தவழ்கின்றது.

மழையுணரித் தகட்டிலே இரண்டு சீப்புகளின் பற்கள் ஒன்றையொன்று தொடாது கோத்தாற்போலச் செப்புக் கோடுகள் ஓடுகின்றன. உலர்ந்தவிடத்து அவற்றிடையே மின் செல்லாது. துளி விழின் நீர் பாலமாகின்றது. ஆகவே இக்கருவி அறிவது மழையையன்று, மின்கடத்தும் ஈரத்தையே என்பதை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்வரும் இடர்கள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

இணைப்பு எளிது. தகட்டின் இரு கம்பிகளையும் அதனுடன் வரும் சிறு ஒப்பீட்டுப் பலகையிற் சேர்க்க. அதன் ஜிஎன்டி முனை ஆர்டுயினோவின் ஜிஎன்டிக்கும், ஏ0 முனை ஏ0 இற்கும் செல்லும். விசிசி முனையை மட்டும் 5 வோல்ற் முனையிற் கொடாது, 7 ஆம் இலக்க முனையிற் கொடுக்க. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். தகடு மாத்திரமே வெளியில் இருக்கலாம்.

உலர்ந்த தகடு 1023 ஐ அண்மிய எண்ணைக் காட்டும். நனைய நனைய எண் குறையும். எந்த எண்ணில் ஒலியெழுப்புவது? இங்கேதான் பலர் கிணற்று நீரைத் தெளித்துப் பார்த்து எல்லை வகுக்கின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையினூடு ஊறிவரும் நீர் உப்புகள் கரைந்த வன்னீர். அது மின்னை நன்கு கடத்தும். மழைநீரோ அவ்வளவு கடத்தாது. கிணற்று நீர் கொண்டு வகுத்த எல்லையைச் சிறுதூறல் எட்டாமலே போகலாம். மிளகாய் நனையும், கருவி வாளாவிருக்கும். ஆதலால் தூய கலத்திற் பிடித்த மழைநீரில் ஒரு துளியை இட்டுப் பார்த்து, அவ்வெண்ணுக்கும் உலர்ந்த எண்ணுக்கும் இடையிலே எல்லையை வைத்தல் வேண்டும்.

இனி 7 ஆம் முனையின் காரணம். நனைந்த தகட்டில் மின் இடையறாது ஒரே திசையில் ஓடின், ஆய்வுகூடத்தில் நாம் காட்டும் மின்பகுப்பு அங்கேயும் நிகழும். நேர்முனைச் செம்பு கரைந்து, கோடுகள் பச்சை பூத்து அரிக்கப்படும். மாணவர் பலர் இதனைத் தகட்டின் தரக்குறைவு என்று எண்ணிவிடுகின்றனர். பத்து வினாடிக்கொரு முறை அம்முனையை உயர்த்தி, 10 மில்லிவினாடி பொறுத்து எண்ணைப் படித்து, உடனே தாழ்த்துமாறு நிரல் எழுதினால், மின் ஓடும் காலம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். தகட்டின் ஆயுள் நீளும். பத்து வினாடித் தாமதத்தால் மிளகாய்க்குக் கேடொன்றுமில்லை.

தகட்டைச் சாய்த்து வைக்க. இல்லையேல் மழை விட்ட பின்னும் தேங்கிய நீர் மழையென்றே சொல்லும். வைகறைப் பனியும் அதனை ஏமாற்றும். எனவே பாய் விரித்த பின்னரே கருவியை இயக்குதல் நன்று. 8 ஆம் முனையில் ஒரு சிறு பசரைப் பொருத்தி அடுக்களைச் சுவரில் மாட்டிவிடலாம். ஒலி கேட்டபின் பாயைச் சுருட்டுவது வீட்டார் பாடு.