கோடியக்கரைக் குதிரைகளுக்கு யார் பொறுப்பு?

கல்வராயன் மலையில் மாடு காட்டுக்குள் மேயப் போனாலும் அதற்கென்று ஒரு பட்டி உண்டு. இருட்டுவதற்குள் திரும்பாவிட்டால் தேடிப் போக ஆள் உண்டு. கால் தாங்கி நடந்தாலும் அசைபோடாமல் சோர்ந்து நின்றாலும் வீட்டுக்காரர் கண்ணில்தான் அது முதலில் படும். கள்ளக்குறிச்சிப் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் இதே தமிழ்நாட்டின் கடற்கரை மூலையொன்றில், பட்டியும் இல்லாமல் உடையவரும் இல்லாமல் ஒரு குதிரைக்கூட்டம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறது.

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரை, வெளிமான்களைக் காப்பதற்காக 1967-இல் சரணாலயம் ஆனது. 2002-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே புல்வெளியில் திரியும் மட்டக்குதிரைகளைக் காட்டுக்குதிரைகள் என்று சொல்கிறார்கள். உண்மையில் அவை மனிதர் வளர்த்துக் கைவிட்ட குதிரைகளின் சந்ததி. பிடித்துக் கட்ட ஆளில்லாததால் தாமாகப் பெருகியவை.

இவற்றைப் பற்றிய பேச்சு எப்போதும் வெளிமானில்தான் தொடங்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. வெளிமானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கெட்டியான ஈறுதான். கீழ்ப்பல்லையும் ஈறையும் வைத்துப் புல்லைப் பற்றி இழுத்துத் தின்னும். குதிரைக்கோ மேலும் கீழும் வெட்டுப்பற்கள். தரையோடு தரையாகப் புல்லை நறுக்கிவிடும். அதோடு வெளிமான் அசைபோடும் பிராணி. தின்றது நொதித்துக் கரையும்வரை காத்திருக்க வேண்டும். குதிரை அசைபோடுவதில்லை. அதன் தீவனம் பின்குடலில் நொதித்து விரைவாகக் கடந்து போகிறது. காய்ந்த, சத்துக்குறைந்த புல் மட்டுமே கிடைக்கும் காலத்தில் வயிற்றை நிரப்ப அது நாளில் பதினாறு மணிநேரம்கூட மேயும். மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியின் என். பாஸ்கரன் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, மேயும் இடத்திலும் தின்னும் உணவிலும் இரண்டு விலங்குகளும் போட்டியிடுவதைக் காட்டியது. போதாக்குறைக்குச் சீமைக்கருவேலம். இனிப்பான அதன் காய்களைக் குதிரை விரும்பித் தின்கிறது. கடினத்தோல் விதைகள் குடலைக் கடந்து சாணத்தோடு வெளியே வந்து, எருவோடு சேர்ந்தே முளைக்கின்றன. வெளிமானுக்குத் தேவையான திறந்தவெளி முள்காடாகிறது.

இவ்வளவும் சரி. ஆனால் குதிரையின் பக்கத்தில் நின்று யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம். சுதந்திரமாகத் திரிகிறதே, அதற்கென்ன குறை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அதன் உடம்பு வேறு கதை சொல்கிறது.

மணற்பாங்கான நிலத்தில் புல் குட்டையானால், ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் மணலும் உள்ளே போகும். அது பெருங்குடலில் படிந்து வயிற்றுவலியை உண்டாக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடல் அடைத்துக்கொண்டால் மருத்துவர் இல்லாமல் பிழைப்பது அரிது. சீமைக்கருவேலங்காயை அளவுக்கு மிஞ்சித் தின்றாலும் இதே கதிதான். மென்மையான நிலத்தில் தேயாத குளம்பு வளைந்து வளர்ந்து வெடிக்கும். கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோய் குதிரையைத்தான் மிகக் கடுமையாகத் தாக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, மான்களோடு குதிரைகளும் மடிந்தன.

எல்லாவற்றையும்விடப் பெருஞ்சுமை பெட்டைக்குதிரையின் மேல். பதினோரு மாதம் குட்டியைச் சுமக்கிறது. ஈன்று பத்து நாள்கூட ஆகாமல் மறுபடி சினைப்பருவத்துக்கு வந்துவிடுகிறது. ஆகவே பால்கொடுக்கும் தாயே அடுத்த குட்டியையும் வயிற்றில் தாங்கிக்கொண்டு, கோடையின் காய்ந்த புல்லில் இரண்டு உயிருக்கும் சேர்த்து மேய வேண்டும். தீனியும் தண்ணீரும் கிடைக்கிறவரை குதிரைக்கூட்டம் ஆண்டுக்குப் பதினைந்து, இருபது விழுக்காடு பெருகும். நான்கைந்து ஆண்டில் இரட்டிப்பாகும். அதன்பிறகு ஒரு வறட்சி வரும்போது முதலில் விழுபவை பால்கொடுக்கும் தாய்களும் குட்டிகளும்தான்.

ஒரு குதிரை நன்றாக இருக்கிறதா என்று தொலைவிலிருந்தே கண்டுகொள்ள முடியும். வயிற்றைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. நார்த்தீவனம் தின்று மெலிந்த குதிரைக்கும் வயிறு உப்பியே இருக்கும். பார்க்க வேண்டியது கழுத்து, முதுகுத்தண்டு, விலா, இடுப்பு, வாலடி. முதுகெலும்பு வரம்புபோல் எழும்பி, இருபுறமும் சரிந்து, வாலுக்குக் கீழே குழி விழுந்திருந்தால் அந்தக் குதிரை பட்டினியில் இருக்கிறது. அமெரிக்கக் கால்நடை அறிவியலாளர் ஹென்னகி 1983-இல் இதை ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண்ணாக வகுத்தார். ஐந்து நலம், மூன்றுக்குக் கீழே போனால் ஆபத்து. தொலைநோக்கியும் குறிப்பேடும் இருந்தால் வனக்காவலர் எவரும் இதைப் பழகிக்கொள்ளலாம்.

இப்படிப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் வேறு இடங்களில் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுவெளியிலும் நியூ ஃபாரஸ்ட் காட்டிலும் மட்டக்குதிரைகள் வேலியில்லாமல்தான் மேய்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் உடையவர் உண்டு. டார்ட்மூரில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் எல்லாவற்றையும் ஓட்டிவந்து பார்வையிடுகிறார்கள். நியூ ஃபாரஸ்டில் மேய்ச்சல் கட்டணம் கட்டிய குதிரையின் வால்மயிரைக் காவல் மேய்ப்பர் ஒரு குறிப்பிட்ட வடிவில் கத்தரித்துவிடுவார். எந்த மேய்ப்பரின் எல்லைக்குட்பட்டது என்பது அந்த வெட்டிலேயே தெரியும். மெலிந்துபோன குதிரையை வீட்டுக்குக் கொண்டுபோகும்படி உடையவருக்கு உத்தரவிடவும் அங்கே வழியுண்டு. நமக்கு நெருங்கிய உதாரணம் பாக்கு நீரிணையின் நெடுந்தீவு. போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை அங்கே திரிகின்றன. அவை வாழும் நிலத்தை இலங்கை அரசு 2015-இல் தேசியப் பூங்காவாக்கியது. கோடையில் தண்ணீருக்கு அவை படும் பாடு இன்னும் தீரவில்லை.

கோடியக்கரையில் சட்டப்படி என்ன நிலை? 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பட்டியல்களில் கட்ச் பகுதியின் காட்டுக்கழுதைக்கு இடமுண்டு, குதிரைக்கு இல்லை. அந்தச் சட்டத்துக்குக் குதிரை வெறும் கால்நடை. கால்நடை என்றால் உடையவர் வேண்டும். இங்கே உடையவர் இல்லை. கோடையில் தொட்டிகளில் ஊற்றும் தண்ணீரைக் குதிரையும் குடிக்கிறது, அவ்வளவுதான். இருந்தாலும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. அதே சட்டத்தின் 33-ஏ பிரிவு, சரணாலயத்திலும் அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யும் கடமையைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் ஒப்படைக்கிறது. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம், பசி, தாகம், நோய், வலி, அச்சம் முதலியவற்றிலிருந்து விலங்குகளுக்கு விடுதலை வேண்டும் என்பதை ஏற்றது. அது உடையவர் உள்ள விலங்குக்கு மட்டும் என்று நான் பொருள்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும் பிடித்து வேறெங்காவது விட்டுவிடலாம் என்பது எளிதாகச் சொல்லும் தீர்வு. கயிறே பழகாத குதிரையை லாரியில் ஏற்றுவது அதற்குக் கொடுமை. வாங்கிக்கொள்ளும் இடத்திலும் யார் பார்ப்பார்கள்? ஆண்குதிரைகளுக்கு மட்டும் காயடித்தாலும் பயனில்லை. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டே பல பெட்டைகளைச் சினையாக்கிவிடும். பெட்டைக்குக் கருத்தடை ஊசி போடுவதே நல்ல வழி. பன்றியின் சினைமுட்டை உறையிலிருந்து எடுத்த புரதத்தைச் செலுத்தினால், குதிரையின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பொருள் குதிரையின் சொந்த முட்டையையும் சூழ்ந்துகொள்வதால் விந்தணு நுழைய முடிவதில்லை. அமெரிக்காவின் அசடீக் தீவில் 1994 முதல் பல ஆண்டுகள் துப்பாக்கியால் ஊசியை எய்து அங்குள்ள குதிரைகளுக்கு இதைச் செய்தார்கள். எண்ணிக்கை கட்டுக்குள் வந்தது. ஓயாத பிரசவச் சுமை குறைந்த பெட்டைகள் உடல் தேறி, முன்பைவிடப் பல ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. வெளிமானுக்கும் குதிரைக்கும் ஒரே மருந்து இது என்பேன்.

இதற்கு ஒவ்வொரு பெட்டையையும் நிறம், நெற்றிச்சுட்டி, கால்வெள்ளை கொண்டு அடையாளம் வைத்துப் படத்தோடு பதிவேடு எழுத வேண்டும். முதல் ஊசிக்குப் பின் ஊக்க ஊசியும் தொடர வேண்டும். ஒரு வனச்சரக அலுவலகத்தால் மட்டும் ஆகிற காரியமல்ல இது. கல்வராயன் மலைக்குத் தெற்கே, கள்ளக்குறிச்சி எல்லையை ஒட்டிய தலைவாசல் கூட்டுரோட்டில் 2020 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி எழுப்பிய பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் ஊர்ப்பிள்ளைகள் கால்நடை மருத்துவம் படிக்கும் மாநிலத்தில், உடையவரில்லாத இந்தக் குதிரைகளை ஒரு ஆய்வுத் திட்டமாக அந்த நிலையம் எடுத்துக்கொள்ளட்டும். வனத்துறை அதற்கு வாசலைத் திறக்கட்டும்.

கோடியக்கரைக்குப் போகிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். குதிரைக்கு ரொட்டியோ பழமோ நீட்டாதீர்கள். தீனிக்காகச் சாலைக்கு வரப் பழகிய குதிரை வண்டியில் அடிபடும். காயம்பட்டோ எலும்பு துருத்தியோ நிற்பதைக் கண்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, சரணாலய அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.