பல பங்காகும் பேரெண்

பெங்களூரை அடுத்த பழைய ஊராய் இருந்து இன்று நகரோடு கலந்துவிட்ட தொம்மலூரில், தமிழ்க் கல்வெட்டுகளைக் கொண்ட சொக்கநாதர் கோயிலுக்கு அருகே, நம்மவர் கூடிப் பொங்கல் கொண்டாடுவதாகக் கொள்வோம். கரும்பு வாங்கும் பொறுப்பு உங்களுடையது. எத்தனை குடும்பத்தினர் வருவர் என்பது தெரியாது. கரும்பை வெட்டாமல் ஒத்த பங்காகத் தரவேண்டும். 50 கரும்பு வாங்கினால் 1, 2, 5, 10, 25, 50 என ஆறு வகையில்தான் பங்கிடலாம். 48 வாங்கினாலோ பத்து வகை! இரண்டு கரும்பு குறைந்தும் நான்கு வழி கூடிற்று. 60 கரும்புக்குப் பன்னிரண்டு வழி. 100 வாங்கியவர்க்கும் ஒன்பதே வழி. நாளொன்றை அறுபது நாழிகையாக வகுத்த பழைய கணக்கின் வசதி இதனால் விளங்கும்.

தன்னிற் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் மிகுதியான எண்களால் மீதியின்றி வகுபடும் எண்ணை மிகுபகு எண் எனலாம். 48, 60 ஆகிய இரண்டும் அத்தகையவை. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன், கேம்பிரிட்சில் இருந்தபோது 1915-இல் இவற்றைப் பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவருக்குப் பட்டம் பெற்றுத் தந்ததும் அதுவே. அதற்கு அவர் இணைத்த அட்டவணையின் இறுதி எண் 6746328388800. அதாவது 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800.

இவ்வளவு பெரிய எண்ணைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை. அது சிறிய பகா எண்களின் பெருக்கமே. இரண்டு ஆறு முறை, மூன்று நான்கு முறை, ஐந்தும் ஏழும் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. இதனை வகுக்கும் எண்ணை அமைக்கும்போது இரண்டை ஒருமுறையும் கொள்ளாமலும் விடலாம், ஆறு முறை வரையும் கொள்ளலாம். ஆக ஏழு வாய்ப்பு. அவ்வாறே மூன்றுக்கு ஐந்து, ஐந்துக்கும் ஏழுக்கும் மும்மூன்று, மற்ற ஐந்துக்கும் இவ்விரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 10,080. அத்தனை எண்கள் இதனை மீதியின்றி வகுக்கும்.

பகா எண்கள் பெரிதாகப் பெரிதாக அவை வரும் முறை குறைவதும் தற்செயலன்று. பெரிய எண் ஒன்று சிறியதினும் பலமுறை வந்தால், அவற்றை இடம் மாற்றியதுமே சிறியதொரு எண் அதே எண்ணிக்கையான வகுத்தலோடு கிடைத்துவிடும். இறுதியில் நிற்கும் பகா எண் ஒருமுறையே வரும் என்றும், 4, 36 என்னும் இரண்டே விலக்கு என்றும் இராமானுசன் நிறுவினார்.

ஆயினும் இயந்திரத்தின் துணையின்றி ஆக்கிய அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருந்தது. பின்வந்த அறிஞர்கள் அதனைக் கண்டனர். அதனை 5,040 எண்கள் வகுக்கும். நாம் மேலே கண்ட 10,080-இல் சரிபாதி. தாளும் எழுதுகோலும் கொண்டு, அட்டவணையின் இறுதி எண்ணை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் ஈவு 293318625600. விடுபட்ட எண் அதுவே.