தகரக் குழலைத் தேர்ந்தெடுத்தல்: மேடைக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிய சோதனைகள்

அயர்லாந்து நாட்டுப்புற இசையில் பெருவழக்காக உள்ள ‘டின் விசில்’ என்னும் தகரக் குழல் பார்வைக்கு மிக எளிய கருவியாகும். ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் உலோகக் குழாய், அதில் ஆறு துளைகள், தலைப்பில் ஓர் ஊதுவாய் ஆகியவையே அதன் உறுப்புக்கள். அந்நாட்டுப் பள்ளிச் சிறுவர்கள் முதன்முதலில் பழகும் கருவிகளுள் இது ஒன்று. 1962-இல் டப்ளின் நகரில் தோன்றிய ‘சீஃப்டன்ஸ்’ குழுவின் பேடி மொலோனியும், 1979-இல் இக்கருவிக்கெனத் தனி இசைத்தட்டு வெளியிட்ட மேரி பெர்கினும் இதை வாசித்த பெரும் புகழ்பெற்ற கலைஞர்கள். சிறுவனின் குழலும் கலைஞரின் குழலும் உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆயினும் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு குழல் சுருதியில் நிற்கிறது; மற்றொன்று நிற்பதில்லை. இவ்வேறுபாட்டை விலையையோ பளபளப்பையோ கொண்டு அறிய இயலாது. அதை அறியும் வழி கருவியின் அமைப்பிலேயே உள்ளது.

உதடு செய்யும் வேலை

இந்தியப் புல்லாங்குழலை ஊதுபவர் காற்றோட்டத்தைத் தம் உதடுகளால் உருவாக்குகிறார். அதன் பருமன், திசை, துளையின் விளிம்புக்கு உள்ள தூரம் ஆகிய மூன்றும் அவர் வசமே உள்ளன. குழலில் சிறு குறை இருப்பினும் உதட்டின் நிலையைச் சற்று மாற்றி அவர் சுருதியைச் சரிசெய்துகொள்ளலாம்.

தகரக் குழலில் இவ்வசதி இல்லை. ஊதுவாயினுள் உள்ள அடைப்புக் கட்டைக்கு மேல் ஒரு குறுகிய காற்றுவழி அமைந்திருக்கிறது. மூச்சு அதன் வழியே மெல்லிய தகடுபோல் வெளிப்பட்டு, ஒரு சிறு சாளரத்தைக் கடந்து, எதிரிலுள்ள கூர்விளிம்பில் மோதுகிறது. அங்கே காற்றோட்டம் விளிம்பின் மேலும் கீழுமாக மாறி மாறி அசைந்து, குழாயினுள் இருக்கும் காற்றை அதிரச் செய்கிறது. புல்லாங்குழலில் உதடு செய்யும் வேலையை இங்கே கருவியைச் செய்தவரின் கை முன்னதாகவே செய்து முடித்துவிடுகிறது.

ஊதுபவரிடம் எஞ்சியிருப்பது மூச்சின் வேகம் ஒன்றே. அதைக் கூட்டினால் ஒலியின் வலிமையும் கூடும், சுருதியும் உயரும். ஆதலால் குழலில் உள்ள பிழையை வாசிப்புத் திறமையால் முற்றிலும் மறைக்க முடியாது. மேடையில் நொடிப்பொழுதில் மறையும் பிழை, ஒலிப்பதிவில் கேட்குந்தோறும் திரும்ப வரும்.

நீளமும் துளையின் அகலமும்

மிகுதியாக உபயோகிக்கப்படும் ‘டி’ சுருதிக் குழலின் அடிச்சுரம் வினாடிக்கு ஏறக்குறைய 587 அதிர்வுகள் கொண்டது. இருபுறமும் திறந்த குழாயில் காற்றுத் தம்பத்தின் நீளம் ஒலியலை நீளத்தில் பாதியாகும். 25 பாகை சென்டிகிரேட் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 346 மீட்டர் செல்வதால், இந்நீளம் 29.5 சென்டிமீட்டர் என்று கணக்கிடலாம். அதிர்வு குழாயின் இரு முனைகளுக்கும் சற்று அப்பாலும் பரவுவதால், சாளரத்திலிருந்து அடிமுனை வரை உள்ள உண்மையான நீளம் இதைவிடச் சில சென்டிமீட்டர் குறைவாகவே இருக்கும்.

அதே விரலமைப்பில் மூச்சைக் கூட்டினால் அதிர்வெண் இரு மடங்காகி, அடுத்த ஸ்தாயி பிறக்கும். உள் துளை அகன்ற குழலில் கீழ்ச்சுரங்கள் கனமாக ஒலிக்கும். மேல் ஸ்தாயிக்கு மூச்சு மிகுதியாகத் தேவைப்படும். குறுகிய குழலில் மேல் ஸ்தாயி எளிதில் எழும். ஆனால் கீழ்ச்சுரம் மெலிந்திருப்பதுடன், மூச்சு சிறிது கூடினாலும் மேலே தாவிவிடும். வாசிப்பவரின் மூச்சுக்கும் இசையின் வகைக்கும் ஏற்ற நடுநிலையைத் தேடுவதே தேர்வின் முதற்படி.

உலோகமும் விலையும்

1843-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியைச் சேர்ந்த கோனி வெஸ்டன் கிராமத்தில் ராபர்ட் கிளார்க் என்பவர் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டைக் கூம்பாகச் சுருட்டி, மரக்கட்டை அடைத்துக் குழல் செய்யத் தொடங்கினார். இன்று பித்தளை, நிக்கல் பூச்சு, அலுமினியம், பிளாஸ்டிக், மரம் எனப் பல பொருள்களில் குழல்கள் கிடைக்கின்றன. தாழ்ந்த சுருதி கொண்ட பெரிய உலோகக் குழலின் தோற்றத்தில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஃபின்பார் ஃபூரி என்ற அயர்லாந்துக் கலைஞரின் இந்திய மூங்கில் குழல் உடைந்துபோக, அதற்கு ஈடாகவே 1971-இல் பெர்னார்ட் ஓவர்டன் என்ற ஆங்கிலேயர் அலுமினியத்தில் அத்தகைய குழலைச் செய்தார்.

குழாயின் பொருள் நாதத்தை மாற்றுமா என்பதை அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் 1971-இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார். உள்ளளவு ஒன்றாக உள்ள வெள்ளி, செம்பு, மரக் குழல்களின் ஒலியைக் கேட்டவர்களால் அவற்றை வேறுபடுத்திக் கூற முடியவில்லை. அச்சோதனை பக்கவாட்டில் ஊதும் குழல்களைக் கொண்டு செய்யப்பட்டதெனினும், வாங்குபவர் அறிய வேண்டியது தெளிவு: உலோகத்தின் பெயருக்கு விலை கொடுப்பதைக் காட்டிலும், காற்றுவழி, கூர்விளிம்பு, உள் துளை ஆகியவற்றின் செம்மைக்கு விலை கொடுப்பதே தகும். பழைய குழல்கள் சிலவற்றில் அடைப்புக் கட்டை ஈயத்தால் ஆனது. ஈயம் நச்சுப்பொருளாதலால் அத்தகைய குழலை வாயில் வைத்தல் கூடாது.

ஐந்து சோதனைகள்

முதலாவது, ஸ்தாயிச் சோதனை. குழலைச் சில நிமிடம் ஊதி வெதுவெதுப்பாக்கிய பின், ஒவ்வொரு சுரத்தையும் இரு ஸ்தாயிகளிலும் இயல்பான மூச்சில் ஊத வேண்டும். சுருதிமானியை மற்றொருவர் பார்த்துக் குறித்துக்கொள்வது நலம். ஊதுபவரே முள்ளைப் பார்த்தால் தம்மையறியாமல் மூச்சை மாற்றித் திருத்திவிடுவார்.

இரண்டாவது, விம்மல் சோதனை. ஆதார சுருதியைத் தொடர்ந்து ஒலிக்கச் செய்து, அதனுடன் அடிச்சுரத்தை ஊத வேண்டும். 587-உம் 589-உம் சேர்ந்தால் வினாடிக்கு இரண்டு விம்மல்கள் கேட்கும். இயல்பான மூச்சிலேயே விம்மல் அடங்கினால் சுருதி பொருந்தியது எனலாம்.

மூன்றாவது, தாவல் சோதனை. அடிச்சுரத்தை மெல்லத் தொடங்கி மூச்சைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். நல்ல குழலில் சுரம் ஓரளவு தாங்கி நின்று, பின்னர் தெளிவாக மேல் ஸ்தாயிக்கு மாறும்.

நான்காவது, அடைப்புச் சோதனை. இருபது நிமிடம் இடைவிடாது ஊதினால் மூச்சின் ஈரம் காற்றுவழியில் துளிகளாகப் படியும். ஒலி கரகரத்து விடுமாயின் அக்குழல் நீண்ட நிகழ்ச்சிக்கு உதவாது. வாசிக்கும் முன் தலைப்பகுதியைக் கையிடுக்கில் வைத்துச் சூடேற்றுவது இக்குறையைக் குறைக்கும்.

ஐந்தாவது, ஒலிவாங்கிச் சோதனை. ஒலி முக்கியமாகச் சாளரத்திலிருந்தும் திறந்த துளைகளிலிருந்தும் வெளிப்படுகிறது. மூச்சின் இரைச்சல் சாளரத்தருகே மிகுதி. ஒலிவாங்கியைச் சாளரத்துக்கு நேராக வைக்காமல், ஓரிரு அடி விலக்கிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பதிவு செய்து கேட்க வேண்டும். அறையில் இனிமையாகத் தோன்றிய இரைச்சல் பதிவில் உறுத்தக்கூடும்.

வெப்பநிலையும் நெகிழ்தலையும்

குளிர்ந்த கூடத்தில் குழலின் சுருதி தாழும். குழலினுள் உள்ள காற்றின் வெப்பம் 10 பாகை குறைந்தால் சுருதி ஏறக்குறைய 1.7 சதவீதம் இறங்கும். இது ஓர் அரைச்சுர இடைவெளியில் கால் பங்குக்கும் மேற்பட்டது. பியானோ போன்ற நிலைச்சுருதிக் கருவியுடன் வாசிக்கையில் பொறுக்க இயலாத வேறுபாடு. ஆகவே தொழில்முறைக் கலைஞருக்குத் தலைப்பகுதியை உள்ளும் புறமும் நகர்த்தக்கூடிய குழல் ஏற்றது.

இதற்கும் எல்லை உண்டு. தலையை 2 மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் அடிச்சுரம் அரைச்சுரத்தில் எட்டில் ஒரு பங்கு தாழும். காற்றுத் தம்பம் குறுகியுள்ள மேல் துளையின் சுரமோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தாழ்ந்துவிடும். மேலும் மேலும் இழுத்தால் சுரங்களுக்கிடையே உள்ள பொருத்தம் கெடும். உள்ளே தள்ளிய நிலையில் சுருதி சற்று உயர்ந்தும், சிறிது இழுத்தவுடன் சரியாகவும் நிற்கும் குழலே வாங்கத்தக்கது.

இச்சோதனைகளுக்கு ஓர் ஆதார சுருதி, ஒரு சுருதிமானி, ஓர் ஒலிப்பதிவுச் சாதனம், பொறுமையுள்ள ஒரு துணைவர் ஆகியவை போதும். வகுப்பில் திறந்த குழாயின் அதிர்வையும் விம்மலையும் விளக்க விரும்பும் ஆசிரியருக்கும் இவையே எளிய செய்முறைகளாகும். கடையில் அரைமணி நேரம் செலவிட்டு இவற்றைச் செய்து பார்ப்பவர், பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கருவியோடு போராட நேராது.