இன்ஜின் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

இன்ஜினின் பாகங்களைச் சேர்த்துப் பிடிப்பது போல்ட்டின் இழுவிசை. போல்ட்டை இறுக்கும்போது அதன் எஃகுத் தண்டு மயிரிழை அளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் அந்த விசையே பாகங்களை அழுத்திப் பிடிக்கிறது. நீட்சி போதாவிட்டால் அதிர்வில் போல்ட் தளரும். மிஞ்சினால் தண்டு நிரந்தரமாக நீண்டு வலுவிழக்கும், இல்லையேல் மரை பெயர்ந்துவிடும்.

நீட்சியைப் பட்டறையில் அளப்பது கடினம். அதனால் திருகும் விசையை, அதாவது டார்க்கை, நியூட்டன் மீட்டரில் அளக்கிறார்கள். ஆனால் அந்த டார்க்கில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் எழும் உராய்வுக்கே செலவாகிறது. துருவும் மண்ணும் படிந்த மரையில் அளவு சரியாகக் காட்டினாலும் பிடிப்பு குறைந்திருக்கும். உலர்ந்த மரைக்குரிய டார்க்கை எண்ணெய் தடவிய மரைக்குக் கொடுத்தால் போல்ட் மிகையாக நீளும். மரையைச் சுத்தமாகத் துடைப்பதும், எண்ணெய் தடவலாமா என்று கையேட்டில் பார்ப்பதும் இறுக்கும் வேலையில் பாதி.

மலேசியாவின் கோலா கங்சார் வட்டாரத்தில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் முதல் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறவர்கள் வரை பலருக்கும் துணை, கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார்சைக்கிள். ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற இந்த வண்டிகளின் இன்ஜின் கூடு அலுமினியம். எஃகு போல்ட்டும் மென்மையான அலுமினிய மரையும் சேருமிடத்தில் முதலில் தோற்பது மரைதான். எண்ணெய் வடிக்கும் 12 மி.மீ. போல்ட்டுக்கு வழக்கமான அளவு சுமார் 24 நியூட்டன் மீட்டர். 25 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ, அவ்வளவுதான். மூடிகளைப் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 முதல் 12 போதும். முழு உடல் பலத்தையும் ஸ்பேனரில் சாய்ப்பது வண்டிக்குச் செய்யும் கெடுதல். மரை போன பிறகு துளையைப் பெரிதாக்கி, கம்பிச்சுருள் மரை பொருத்தும் செலவு வரும். அலகிலும் கவனம் தேவை: 24 என்பதை பவுண்டு அடி என்று எடுத்துக்கொண்டால் 32 நியூட்டன் மீட்டருக்கு மேல் போய்விடும்.

சிலிண்டர் ஹெட்டில் வரிசையும் முக்கியம். ஒரு போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹெட் ஒரு பக்கம் சாய்ந்து, கேஸ்கெட் சீராக அமுங்காமல் வாயு கசியும். நடுவிலிருந்து வெளிப்புறமாக, குறுக்கும் மறுக்குமாக, இரண்டு மூன்று கட்டங்களில் இறுக்க வேண்டும். பல கார்களில் குறிப்பிட்ட டார்க்குக்குப் பின் இத்தனை பாகை திருப்பு என்றும் சொல்லப்பட்டிருக்கும்; அத்தகைய போல்ட்டுகள் பலவும் ஒருமுறைக்கே உரியவை. அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், கையேடு வேறுவிதமாகச் சொல்லாதவரை, இன்ஜின் ஆறிய பிறகே இறுக்க வேண்டும்.

டார்க்கை அளந்து இறுக்க உதவும் டார்க் ரெஞ்சை நிதானமாக இழுத்து, ‘கிளிக்’ ஓசை கேட்டதும் நிறுத்த வேண்டும். இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பது கூடுதல் இறுக்கம் ஆகிவிடும். போல்ட்டைக் கழற்றச் சாதாரண ஸ்பேனரே போதும். வேலை முடிந்ததும் ரெஞ்சின் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வைத்தால் உள்ளிருக்கும் சுருள்வில் தளராது.